கேட்டுவிட்டுப் போட்ட கோடு

போன மாதம் கவிதா செஞ்சிக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆவணப் பிரிவில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பிள்ளைகளுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டிவிட்டு, ராஜகிரி ஏறி இறங்கிய கால்வலியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு டம்ளர் மோர் உள்ளே போனதும் தெம்பு வந்துவிட்டது. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து விரித்தாள்.

"மேடம், புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கு. ஒருத்தரே ரெண்டு மூணு பேர்ல எழுதியிருந்தாலும் அதுவே கண்டுபுடிச்சி சேத்துடுது. நீங்கல்லாம் மாசக்கணக்குல பண்ண வேலய இப்ப உக்காந்த எடத்துல முடிச்சிடலாம்."

"சேக்கறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்த கேக்குமா?"

"யாரையும் கேக்க வேண்டியதே இல்ல மேடம். அதான் இதுல விசேஷமே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீடு தேடி வந்த பெண்ணிடம் காட்டக் கூடாதென்று எழுந்துபோய் இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்தேன். அவள் ஊருக்குப் போன பிறகும் கோபம் போகவில்லை. கோபத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் நான் ஒழுங்காகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. இங்கே ஒருமுறை முயல்கிறேன். வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் நூலகத்தை ஒட்டி ஆவணப் பிரிவு என்று இரண்டு அறை உண்டு. எந்த விஞ்ஞானி யாரோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார் என்று பார்த்து வரைபடம் போடுவது எங்கள் பிழைப்பு. ஆளுக்கு ஒரு புள்ளி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தால் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. சேர்ந்து எழுத எழுதக் கோடு தடித்துக்கொண்டே போகும். வரைந்து முடித்தால் யாருக்கு யாரோடு கூட்டு, எந்த இரண்டு கூட்டத்தை யார் இணைக்கிறார், யார் ஒதுங்கிக் கிடக்கிறார் என்பதெல்லாம் ஒரே தாளில் தெரிந்துவிடும். யாருக்குத் திட்டம் கொடுக்கலாம், யாரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று முடிவெடுக்கும் குழுக்கள் அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் பேசும்.

செஞ்சிக்கு அருகே வல்லம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை பறித்து என்னைப் படிக்கவைத்த என் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. "புள்ளி வெச்சி கோடு இழுக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? அத நான் வாசல்ல தினமும் சும்மாத்தான் பண்றேன், என்ன ஒருத்தனும் கூப்டலியே" என்றார். நைனா மட்டும் அம்மாவைச் சும்மா இருக்கச் சொன்னார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் மகள் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் எந்த வேலையும் அவருக்குப் பெரிய வேலைதான்.

நூலகப் படிப்பு படித்தது, அட்டைகளில் எழுதியது, பிறகு கணினி வந்து அட்டைகளைக் கட்டிப் பரண்மேல் போட்டது எல்லாம் எங்கள் தலைமுறை முழுக்க நடந்த கதை. அதை விட்டுவிடுகிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது என் மேலதிகாரி பக்கிரிசாமி சாரின் ஒரே ஒரு கேள்வி.

ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, காதில் பென்சில். குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. கணினி வரைந்து கொடுத்த படத்தை அச்செடுத்துப் பெரிய மேசையில் போட்டு நான்கு மூலையிலும் தடித்த புத்தகம் வைப்பார். குனிந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு ஏதாவதொரு கோட்டின் மேல் பென்சிலை வைத்து, "தேவகி, இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டீயாவது குடிச்சிருப்பாங்களா?" என்று கேட்பார்.

தெரியாது என்றால் தொலைபேசியைக் காட்டுவார். நான் அழைத்து விசாரிக்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயரைச் சேர்த்தவர்கள் இருப்பார்கள், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வருடக்கணக்காக உழைத்தவர்களும் இருப்பார்கள். தாளில் இரண்டும் ஒரே மாதிரிக் கோடுதான். டீ குடிக்காத கோட்டின் மேல் அவர் பென்சிலால் சின்னதாக ஒரு குறி வைப்பார். கோட்டை எடுக்க மாட்டார். "எடுக்கறதுக்கு நமக்கு உரிம இல்லம்மா. ஆனா நமக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பார்.

எங்களுக்குப் பெரிய தலைவலி இனிஷியல்தான். கணினி நிரலை எழுதியவர்கள் எல்லாம் குடும்பப் பெயர் வைத்திருக்கும் நாட்டுக்காரர்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். அதிலும் பெண்களுக்குக் கல்யாணம் ஆனால் அப்பா எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வந்து உட்கார்ந்துவிடும். எங்கள் படத்தில் ஒரு பெண் விஞ்ஞானி திடீரென்று காணாமல் போவார். அடுத்த வருஷமே வேறொருவர், ஒரு நாள்கூட மாணவியாக இருக்காமல், நேராக விஞ்ஞானியாகவே பிறந்து வருவார். சார் இதற்குக் கல்யாணக் கிழிசல் என்று பெயர் வைத்திருந்தார். (என் எழுத்து தப்பித்தது. என் வீட்டுக்காரருக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதென்றால் வேப்பங்காய். "இருக்கறதே இருக்கட்டும் தேவகி" என்று சொல்லிவிட்டார்.)

கிழிசலைத் தைக்க ஒரு முறை வைத்திருந்தோம். இரண்டு பெயருக்கும் ஊர் ஒன்றா, பயிர் ஒன்றா, கூட எழுதியவர்கள் ஒன்றா என்று பார்ப்போம். மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகம் என்று எழுதிக்கொள்வோம். அதற்குப் பிறகும் சேர்க்கக் கூடாது. சம்பந்தப்பட்டவரை அழைத்து, "அவங்களும் நீங்கதானா, சேத்துடலாமா?" என்று கேட்டு, சரி என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் இரண்டு புள்ளியும் ஒன்றாகும். பெரும்பாலும் சிரிப்பார்கள். "அடப்பாவமே, இத்தன நாளா என்ன ரெண்டு பேரா வெச்சிருந்தீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்போது வறட்சி தாங்கும் மல்லாட்டைக்கென்று ஒரு புதிய திட்டம் வந்திருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மழை ஏமாற்றினாலும் காய் பிடிக்கும் ஒரு செடி சில பண்ணைகளில் சோதனையில் இருந்தது. அதை முழு ரகமாக்கி விவசாயி கைக்குக் கொண்டுபோக ஒரு தலைமை விஞ்ஞானி வேண்டும். இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஒருவர் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பண்ணையில் இருந்த ஏ. ஸ்டெல்லா. இன்னொருவர் தலைமையகத்தில் இருந்த ஜெயராஜ். தேர்வுக் குழுவினர் வெளிமாநிலத்துக்காரர்கள். அவர்களுக்கு இங்கே யாரையும் தெரியாது. எங்கள் படம்தான் அவர்களுக்குக் கண்.

படத்தில் ஸ்டெல்லாவுக்கு நிறையக் கோடுகள் இருந்தன. ஆனால் நடுவில் சில வருடம் வெறிச்சென்று கிடந்தது. அந்த வருடங்களில் ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. அதே வருடங்களில் படத்தின் ஒரு மூலையில் இரண்டே புள்ளிகள், சுற்றிலும் யாரும் இல்லாமல், தீவு மாதிரிக் கிடந்தன. ஜெயராஜ் ஒன்று, ஜே. ஸ்டெல்லா இன்னொன்று. நடுவே விரல் தடிமனுக்கு ஒரு கோடு. அந்தச் செடியை முதன்முதலில் இனக்கலப்பு செய்து உருவாக்கிய கட்டுரைகள் எல்லாம் அந்தக் கோட்டில்தான் இருந்தன. ஊர் ஒத்துப்போனது, பயிர் ஒத்துப்போனது. ஜே என்பது யார் எழுத்து என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை.

நான் வழக்கம்போல அழைத்தேன். "மேடம், ஜே. ஸ்டெல்லாவும் நீங்கதானா? சேத்துடலாமா?"

 "அது நான் இல்லீங்க" என்று ஒரு குரல். தொலைபேசி வைக்கப்பட்டது.

நான் விறுவிறுவென்று சாரிடம் போனேன். "சார், அவங்கதான். நூத்துக்கு நூறு அவங்கதான். இல்லன்றாங்க."

"இல்லன்னா சேக்காத."

"சேக்கலன்னா அந்தச் செடி ஜெயராஜ் சாரோடதுன்னு ஆயிடும் சார். குழுவுல வேற எப்படிப் பாப்பாங்க? படமே தப்பாயிடும்."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "ஒருத்தங்க தன்னையே நான் இல்லன்னு சொல்றாங்கன்னா அதுக்குள்ள இன்னாவோ இருக்குது. உங்க ஊர் பக்கந்தானே, நேர்ல போயி பாரு. சேக்கச் சொல்லி நெருக்காத."

திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் பிடித்து, செஞ்சியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பண்ணைக்குப் போனேன். அறுவடை நேரம். செடிகளைப் பிடுங்கி வரப்போரம் குவித்திருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, கையில் ஒரு செடியைத் தலைகீழாகப் பிடித்து வேரில் தொங்கிய காயைப் பார்த்துக்கொண்டு நின்றார் ஸ்டெல்லா.

"ஃபோன்ல கேட்டவங்களா? அதுக்கோசரம் இவ்ளோ தூரம் வந்தீங்களா?" என்றார்.

"நான் வல்லத்துக்காரிதான் மேடம். வீட்டுக்கு வந்த மாதிரியும் ஆச்சி."

ஊர்க்காரி என்றதும் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் விஷயத்துக்கு வந்தபோது மறுபடி இறுகிவிட்டது. செடியைக் கீழே போட்டுவிட்டு என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார்.

"இந்தச் செடி பொறந்தது என் கையில. சாயங்காலம் மொட்டப் பிரிச்சி மகரந்தத்த எடுத்துடணும், காலையில வெயில் ஏறதுக்குள்ள வேற பூவோட தூள வெக்கணும். குனிஞ்சி குனிஞ்சி என் இடுப்பே போச்சி. அந்தாளு ஆபீஸ்ல உக்காந்து எழுதுவான், அவன் பேரு மொதல்ல. நான் ஜே. ஸ்டெல்லா, ரெண்டாவது. கேட்டா கை நீட்டுவான். ஒரு நாளு போதும்னு எங்க நைனா வூட்டுக்கு வந்துட்டேன்."

தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

"வந்துட்டேன், ஆனா அந்தாளோட ஒரு எழுத்து மட்டும் என்ன வுட்டுப் போவமாட்டேன்னுது. சர்வீஸ் புக்குல, பேங்க்ல, ரேஷன் கார்டுல, எல்லா எடத்துலயும் ஒட்டினு இருந்துச்சி. ஒவ்வொரு ஆபீசா அலஞ்சி அத எடுத்தேன். ஏன் மாத்தறீங்க, ஏன் மாத்தறீங்கன்னு கேக்காத ஆளில்ல. இப்ப நீங்க வந்து எனக்கும் அவனுக்கும் இம்மாந்தடி கோடு போட்டு செவுத்துல மாட்றேன்றீங்க."

"அந்த வருஷத்தக் காட்டலன்னா செடி அவருக்குப் போயிடுமே மேடம்."

"தெரியும். போவட்டும். யாரு பேர்ல வந்தா இன்னா, செடி செடியாத்தான் இருக்கும்."

அப்படிச் சொன்னவர், நான் கிளம்பும்போது கீழே போட்ட செடியை எடுத்து மண்ணைத் தட்டித் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை முட்டியது. நெருக்காதே என்று சார் சொல்லியிருந்தும் செடி போய்விடும் என்ற அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதைத் தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தின் மேல் ஒரு ட்ரேசிங் பேப்பரை விரித்தார். பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து, ஒரு புள்ளியைப் பார்த்து ஒரு புள்ளியாக, கோட்டைப் பார்த்துக் கோடாக, கையாலேயே வரைய ஆரம்பித்தார். ஜே. ஸ்டெல்லாவும் ஏ. ஸ்டெல்லாவும் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் படம் எப்படி மாறும் என்று பார்க்கிறார் எனப் புரிந்தது. கணினியில் சேர்த்துப் பார்த்திருக்கலாம். அந்த அம்மா சரி என்று சொல்லாத வரை கணினியில் ஏற்றக் கூடாது என்பது அவர் பிடிவாதம். முடித்துவிட்டு நிமிர்ந்தார். சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"இத அவங்க கையில குடு. நீ எதுவும் சொல்லாத. இந்தத் தாள் அவங்களோடது. கிழிச்சிப் போட்டாலும் சரி."

இரண்டாம் முறை போனபோது காயெல்லாம் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நடக்க நடக்கக் காலடியில் கலகலவென்று சத்தம். ஸ்டெல்லா தாளை வாங்கிப் பண்ணை அலுவலக மேசையில் விரித்தார். நிறைய நேரம் பார்த்தார். ட்ரேசிங் பேப்பருக்குக் கீழே மேசையின் பச்சை நிறம் தெரிந்தது. தன் பெயரைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தார். அங்கிருந்து கோடுகள் எல்லாப் பக்கமும் போயின. கோயம்புத்தூர்க்காரருக்கு ஒன்று, பூச்சியியல் அம்மாவுக்கு ஒன்று, பக்கத்துப் பண்ணை மண் ஆராய்ச்சிக்காரருக்கு ஒன்று. ஓரத்தில் ஒரே ஒரு தடித்த கோடு. அதன் நுனியில் ஜெயராஜ்.

விரல் அந்தக் கோட்டோடு போய் ஜெயராஜில் நின்றது. அங்கிருந்து மேலே போக வழியைத் தேடியது.

"இவனுக்கு வேற கோடே இல்லியா?"

"இல்ல மேடம்."

"ஒண்ணு கூடவா?"

"நீங்க மட்டுந்தான்."

"நான் அவனோட ஒட்டினு இருக்கேன்னு நெனச்சேன்" என்றார். விரலைக் கோட்டின் மேலேயே திரும்ப ஓட்டி, "இதுல பாத்தா அவன்தான் என்னப் புடிச்சினு தொங்கறான்" என்றார். கண்ணில் நீர் வந்து தாளில் விழப் பார்த்தது. முகத்தைத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"உங்க சாரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எப்பவும் ஒரு கோட்டக் காட்டி, இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டீயாவது குடிச்சிருப்பாங்களான்னு கேப்பாரு. இந்தக் கோட்டுக்குக் கேக்கவே இல்ல."

ஸ்டெல்லா அந்தக் கோட்டையே பார்த்தார். "டீ போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். "சேர்ந்து குடிச்சதில்ல."

பிறகு எழுந்து மூலையில் இருந்த அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கும்வரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"கோடு இருந்துட்டுப் போவட்டும் தேவகி. அது நடந்ததுதானே. பேரு மட்டும் எங்க நைனா எழுத்துல இருக்கணும். அந்த வருஷத்துக்கும் சேத்து."

"ஒருத்தருக்கு ஒரு பேருதான் மேடம். எந்தப் பேருன்னு நீங்கதான் சொல்லணும். ஏ. ஸ்டெல்லான்னு போட்டுடறேன்."

"மேடம் இன்னா மேடம்? அக்கான்னு சொல்லு."

குழு கூடிய அன்று பக்கிரிசாமி சாரும் நானும் படத்தோடு போயிருந்தோம். ஒரு உறுப்பினர் அந்தத் தடித்த கோட்டைக் காட்டி, இவ்வளவு நெருக்கமாக வேலை செய்தவர்கள் ஏன் திடீரென்று நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டார்.  சார் அவர்களுடைய மொழியில், வழக்கமான தணிந்த குரலில், யார் யாரோடு எழுதினார்கள் என்று காட்டுவதுதான் எங்கள் வேலை, மற்றதைக் கேட்க வேண்டுமானால் அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டுக் கேளுங்கள் என்றார். யாரும் மேலே கேட்கவில்லை. செடி ஸ்டெல்லா அக்கா கைக்கு வந்தது. இப்போது ஆடி பிறந்தால் வல்லத்தைச் சுற்றி விதைக்கிற மல்லாட்டையில் அதுவும் ஒன்று. விதைக்கிறவர்களுக்கு அக்காவைத் தெரியாது. அக்காவுக்கு அதில் குறையும் இல்லை.

பக்கிரிசாமி சார் இப்போது இல்லை. அவரோடு சேர்ந்து நான் எழுதிய கட்டுரைகள் சில உண்டு. கவிதாவின் புதிய மென்பொருளில் என் பெயரைத் தட்டினால் அவருக்கு மட்டும் ஒரு கோடு போகும். ஸ்டெல்லா அக்காவும் நானும் சேர்ந்து ஒரு வரி எழுதியதில்லை. அந்தப் படத்தில் அவருக்கும் எனக்கும் நடுவே ஒன்றும் இருக்காது.

அக்காவும் ஓய்வு பெற்றுச் செஞ்சியிலேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார். எழுதுவதற்கு முன்னால் அவரைக் கேட்டேன். "எழுது, பேர மட்டும் மாத்திப் போடு. எழுத்தயும் மாத்து" என்றார். மாற்றியிருக்கிறேன். நேற்று எழுதி முடித்ததை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி முழுக்கப் படித்தார்.

"நான் எங்கடி அழுதேன்? அது களத்து வெயிலு, கண்ணு கூசிச்சி."

"உள்ள உக்காந்துதான் பாத்த அக்கா. வெயிலு எங்க வந்துது?"

"எடுத்துடு அத."

"எடுக்கணும்னா எடுத்துடறேன். நீ சொல்லு."

அக்கா தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். 

"இருந்துட்டுப் போவட்டும். நீ போயி டீயப் போடு."

போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து குடித்தோம்.